மேடையை விட்டு எழுந்து போன உன் மாமன்

ஏலே பெரிய மனுசா, சௌக்கியமா?

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினாலே உனக்கு "மீட்டிங் இருக்குப்பா" வந்துவிடும். தபாலில் போட்டால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். அதனால்தான் எங்கள் பிரஸ் தொழிலாளிகள் வருசா வருசம் போடுகிற பொங்கல் மலரில் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறானே என்று மலர்க் குழுவில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மெஷினில் ஏற்றி ஓட்டப் போவதே நான்தான் என்பதால் சுளித்துப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். திருத்தங்கல் முழுக்கப் படித்துவிட்டு உன்னை எங்கே பார்த்தாலும் இதைப் பற்றிக் கேட்பார்கள். அச்சில் ஏறியதைப் பாதியில் வெட்ட முடியாது பார், அதுதான் சங்கதி.

உனக்குச் சென்னையில் டிவி கம்பெனி வேலை கிடைத்த அன்று உன் அம்மா தெரு முழுக்கச் சேவும் சீனி மிட்டாயும் கொடுத்தாள். வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் என்ன வேலை என்று கேட்டார்கள். எனக்குப் புரிந்தவரை சொன்னேன்: "கட்சிக்காரங்களை எதிரும் புதிருமா உக்கார வச்சுப் பேச விடுவாக. பேசி முடிச்சதும் அதைத் துண்டு துண்டா நறுக்கி இன்டர்நெட்டுல போடுவாக. நறுக்குறது நம்ம பய." பக்கத்து வீட்டு அண்ணாச்சி யோசித்துவிட்டு, "அப்ப கசாப்புக் கடைன்னு சொல்லுங்க" என்றார். "ஏசி போட்ட கடை" என்றேன். கேலிதான் செய்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. இப்போதும் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படி.

நீ போனில் சொன்னது இதுதான்: "அப்பா, நீங்களும் மாமாவும் எங்க நிகழ்ச்சிக்கு வாங்க. உங்க பழைய கிளிப்பைப் பார்த்துட்டு எங்க ஆபீசரே விழுந்து விழுந்து சிரிச்சாரு. மாமா பழையபடி ஒரே ஒரு தடவை எந்திரிச்சுப் போனாப் போதும். சூப்பரா ஓடும்." அந்தக் கடைசி வார்த்தைகளுக்காகத்தான் இத்தனை பக்கம். அந்தக் கிளிப் செல்போன் செல்போனாகச் சுற்றிய நாளில் நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம், எதையும் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள் என்று உன் அம்மா தடுத்துவிட்டாள். ஆகவே உனக்குத் தெரிந்தது கிளிப் மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை இப்போது தெரிந்துகொள்.

உன் தாய்மாமன் குருசாமியை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலர் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். உன் அம்மாவை நான் பெண் பார்க்கப் போனபோது, மீசை சரியாக முளைக்காத வயதில், வீட்டில் பெரியவர்கள் எல்லாம் இருக்க இவன் முன்னால் வந்து, "மச்சான், நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டான். சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. "பரவாயில்ல, அக்கா திருத்திப்புடும்" என்றான். உன் அம்மா திருத்தவில்லை. அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்பது இன்றுவரை எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. நீ தவழ்ந்ததே அதற்கு நடுவில்தான்.

அவன் விவாதம் செய்கிற விதம் உனக்குச் சின்ன வயதிலேயே வேடிக்கை. குரல் ஏறி, கழுத்து நரம்பு புடைத்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விடுவான். குழாயடியில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பான். திரும்பி வரும்போது நம் வீட்டு இரும்புக் கேட்டில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்துவிட்டு உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவான். அது அவன் கம்பெனிப் பழக்கம். பட்டாசு ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் கிடக்கிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக, அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். அது எல்லாக் கம்பெனிக்கும் உள்ளது. அதோடு உன் மாமன் தன் ரூம்களுக்குத் தானாக ஒரு சட்டம் போட்டிருந்தான்: உள்ளே ரெண்டு பேருக்குக் குரல் ஏறினால், கையில் இருப்பதை மெல்லக் கீழே வைத்துவிட்டு ரெண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். சூடு ஆறியதும் தகட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரலாம். கோபத்தில் ஒரு வெடிமருந்துத் தட்டு நழுவினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்ப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கேபிள்காரர் கதைக்கு வருகிறேன். போன தேர்தலுக்கு முன்னால் நம் லோக்கல் கேபிள் டிவியில் ஒரு விவாத நிகழ்ச்சி தொடங்கினார்கள். கேபிள் முதலாளியின் மருமகன்தான் தொகுப்பாளர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். போஸ்டர் ஆர்டர் கொடுக்க எங்கள் பிரஸ்சுக்கு வந்தவர், நானும் குருசாமியும் டீக்கடையில் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டார். இலவச டிவி நல்லதா கெட்டதா என்று தலைப்பு. நான் நல்லது, அவன் கெட்டது. 'மச்சான் மாப்பிள்ளை மகா மோதல்' என்று போஸ்டர். நானே என் மெஷினில் அடித்தேன். மாப்பிள்ளை முகத்துக்கு மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் தூக்கி விட்டேன். பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், எனக்கு மஞ்சக்காமாலையா? அழகுல பொறாமைன்னா வாயால சொல்ல வேண்டியதுதான?" என்றான். அந்த அளவுக்குச் சந்தோசமாகத்தான் ரெண்டு பேரும் மேடை ஏறினோம்.

கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டம். தொகுப்பாளர் காதில் வந்து, "அண்ணாச்சி, வீட்டுல பேசுற மாதிரி பேசிப்புடாதீக, சத்தம் வேணும்" என்றார். எனக்குச் சத்தத்துக்குப் பஞ்சமா? குருசாமி பொறுமையாக ஏதோ சொல்லிக்கொண்டு வரும்போது நான் குறுக்கே விழுந்தேன். "மாப்ள, டிவி வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதியே, போன வாரம் உன் வீட்டுல உக்காந்து நாம மேட்ச் பார்த்தோமே, அது எந்த டிவியில?" மண்டபம் விசிலில் அதிர்ந்தது. அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்தான், படியிறங்கினான், வெளியே போனான்.

அதுவரைக்கும் நீ பார்த்திருக்கிறாய். மேலே கேள். குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு அவன் திரும்பி வந்தான். மண்டபத்து இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தான். வந்து உட்கார்ந்து சொன்னான்: "ஆமா மச்சான், கெவருமெண்டு டிவிதான். வாங்குனேன், பார்க்கேன், நல்லாத்தான் தெரியுது. ஆனா நம்ம ஆளுக தீயில வெந்தா மதுரைக்குல்ல தூக்கிட்டு ஓடுதோம்? வழியிலயே எத்தனை பேரு போயிருக்காக? அந்த வைத்தியத்தை இங்கனயே இலவசமாத் தாரோம்னு உங்க கட்சி சொல்லுச்சா? எங்க கட்சிதான் சொல்லுச்சா?" விசில் அடித்தவர்கள் அடங்கினார்கள். நானும் அடங்கினேன். "இதுல நான் உன் பக்கம்தாம்லே" என்றேன். தொகுப்பாளர் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஒளிபரப்பில் அது எதுவும் இல்லை. என் கிண்டல் இருந்தது, விசில் இருந்தது, உன் மாமன் படியிறங்குவது மூன்று தடவை திரும்பத் திரும்ப இருந்தது. பின்னால் சரவெடிச் சத்தம். கீழே 'ஓட்டம் பிடித்த மாப்பிள்ளை' என்று எழுத்து. அவன் திரும்பி வரவே இல்லை. அதைத்தான் சிடி போட்டு விற்றார்கள், அதைத்தான் யாரோ இன்டர்நெட்டில் ஏற்றினார்கள், அதைப் பார்த்துத்தான் நீயும் உன் ஹாஸ்டல் பையன்களும் சிரித்தீர்கள். உன்னைச் சொல்வானேன்? நானே டீக்கடையில் நின்று பார்த்துச் சிரித்தேன். ஜெயித்தவன் என்று டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் கடைக்காரர். குடித்தேன். இலவசத்தின் பக்கம் பேசியவன் வேறு என்ன செய்வேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை குருசாமி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. உன் அம்மா சமைத்ததை எடுத்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். உன் அத்தைதான் கதவைத் திறந்தது. "வாங்கண்ணே. உள்ளதான் இருக்காக. சாப்பாடும் சரியில்ல, பேச்சும் சரியில்ல. நீங்களாவது கேளுங்க" என்றது.

உன் மாமன் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவன் கோபமாக இல்லை. "உங்க மேல ஒண்ணும் இல்ல மச்சான். நீங்க வீட்டுல பேசாததையா பேசிட்டீக?" என்று ஆரம்பித்தான். "நேத்து மருந்து அடைக்கிற ரூம்ல ரெண்டு பேருக்குக் கட்சிப் பேச்சு முத்திப்போச்சு. வெளிய போங்கலேன்னு சொன்னேன். செல்வம்னு ஒரு பய, 'ஓட்டம் பிடிக்க நாங்க என்ன ஃபோர்மேனா?'ன்னான். அம்புட்டுப் பேரும் சிரிக்காக. அவன் கையில மருந்துத் தட்டு மச்சான். தட்டு ஆடுது, அவனும் சிரிக்கான்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னான்: "எத்தனையோ வருசமாச் சொல்லிச் சொல்லிப் பழக்குனது. தகட்டைத் தொடுறதையே இப்ப ஓடுற மாதிரி நடிச்சுக்கிட்டுத்தான் தொடுதாங்க. என் சொல்லு செல்லாத எடத்துல நான் ஃபோர்மேன்னு நிக்கக் கூடாது. யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா எந்த முகத்தோட அவன் வீட்டுக்குப் போவேன்? சீசன் தொடங்குமுன்ன சொல்லிட்டு வேலையை விட்டு நின்னுக்கிடுதேன்."

என் வாயில் அன்று ஒரு கேலியும் வரவில்லை. அது எவ்வளவு அரிது என்று உன் அம்மாவைக் கேள். அரசியல் பேசி மனுசன் சண்டை போடுவது எனக்குப் பழக்கம். அந்தச் சண்டையை வேறொருவன் கூத்தாக்கி விற்றால் அது பட்டாசு ரூம் வரைக்கும் போய் நிற்கும் என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது. அங்கிருந்து நேரே கேபிள் ஆபீசுக்கு மிதித்தேன். கோட்டு மருமகன் என்னைக் கண்டதும், "அண்ணாச்சி, நானே வரணும்னு இருந்தேன். இன்னொரு ரவுண்டு வைப்போமா? ஊரே கேக்குது" என்றார். "வைப்போம். ஆனா லைவ். நடக்க நடக்க வீட்டுல தெரியணும்" என்றேன். "லைவா! தூள் அண்ணாச்சி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உன் மாமனை மசிய வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "வேண்டாம் மச்சான், பட்டது போதும்" என்றான். "நீ எந்திரிக்க வேண்டாம்லே. எந்திரிக்கிற வேலையை நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன். "என்ன செய்யப் போறீக?" என்றான். "எனக்கே தெரியல. வெட்ட முடியாதபடி செய்வேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் அத்தையிடம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னான்.

சாயங்காலம் நிகழ்ச்சி. அதே மண்டபம், முன்னைவிடக் கூட்டம். முன் வரிசையில் செல்வமும் அவன் கூட்டாளிகளும். நாங்கள் மேடை ஏறியதும் உட்கார்ந்த இடத்திலேயே ஓடுவதுபோல் கையை ஆட்டினார்கள். தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, "போன தடவை ஓடினவரை இந்தத் தடவை கயிறு போட்டுக் கட்டி உக்கார வச்சிருக்கோம்!" என்றார். சிரிப்பு. நாங்கள் தலைப்பைத் தொட்டு நாலு வார்த்தை பேசுமுன் குறுக்கே வந்து, "மாப்பிள்ளை ஒரு கோழைன்னு மச்சான் டீக்கடையில சொன்னாராமே?" என்று உன் மாமனைக் கேட்டார். நான் அப்படிச் சொன்னதே கிடையாது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. எழுந்துவிடக் கூடாது என்று நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

நான் எழுந்தேன். "எனக்குக் கோவம் வருது. வெளிய போயிட்டு வாரேன்" என்றேன்.

"என்ன அண்ணாச்சி, நீங்களுமா!" என்று குதித்தார் தொகுப்பாளர். அவருக்குப் பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்ததுபோல் முகம்.

"ஆமா. இங்கனயே இருந்தா உங்களை அடிப்பேன், இல்ல எம் மாப்ளயை ஏசிப்புடுவேன். ரெண்டும் வேண்டாம்" என்று படியிறங்கினேன். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். "மச்சான், நில்லுங்க, நானும் வாரேன்" என்று உன் மாமன். மேடையில் இப்போது ரெண்டு காலி நாற்காலியும் ஒரு கோட்டும். ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு அதுதான் தெரிகிறது. "ஒரு சின்ன விளம்பர இடைவேளை" என்று அவர் கத்தினாராம். விளம்பரம் போடுகிற ஆள் அதற்குள் எங்கள் பின்னாலேயே வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

குழாயடியில் நான் தண்ணீர் குடித்தேன். அவன் குடித்தான். "நீங்க எதுக்கு எந்திரிச்சீக?" என்றான். "நீ எதுக்கு எந்திரிக்கேன்னு எந்திரிச்சுப் பார்த்தேன். நல்லாத்தாம்லே இருக்கு, காத்து வருது" என்றேன். சிரித்துவிட்டான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தான். உடனே, "ஆனா டிவி விசயத்துல நீங்க பேசுனது தப்பு மச்சான்" என்று தொடங்கிவிட்டான். நானும் தொடங்கினேன். அவன் முடிக்கும்வரை நான் கேட்க, நான் முடிக்கும்வரை அவன் கேட்க, ஞாயிற்றுக்கிழமைபோல. கூட்டம் முதலில் வாசல் வழியாக எட்டிப் பார்த்தது, பிறகு இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டது. கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிதான் கேமராவில். நீளமான வயரை இழுத்துக்கொண்டு அவரும் வந்துவிட்டார். எதிர் வீட்டுப் பெண்கள் டிவியில் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து நேரில் பார்த்தார்கள்.

அப்போது செல்வம் முன்னால் வந்தான். "ஃபோர்மேன், இப்படித்தான் போன தடவையும் வெளிய வந்தீகளா?" என்றான். "ஆமாலே." "அப்புறம் திரும்பி உள்ள போனீகளா?" உன் மாமன் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "போனான். கதவைத் தொட்டுட்டுப் போய் உக்காந்து பேசுனான். அதை வெட்டிப்புட்டாங்க." செல்வம் முகம் மாறிவிட்டது. "என்ன பேசுனீக ஃபோர்மேன்?" என்று கேட்டான். உன் மாமன் அந்த மதுரைப் பேச்சை அப்படியே மறுபடி சொன்னான். கேட்டுவிட்டுச் செல்வம் மெல்ல, "எங்க அண்ணனையும் மதுரைக்குத்தான் தூக்கிட்டுப் போனோம்" என்றான். எதிர் வீட்டு அம்மா ஒருவர், கூட்டத்தில் நின்ற ரெண்டு கட்சி வார்டுக்காரர்களையும் கையைக் காட்டி, "ரெண்டு பேரும் இங்கனதான இருக்கீக, பதில் சொல்லிட்டுப் போங்க" என்றார். அவர்கள் திணறியதை ஊரே பார்த்தது. ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அந்தத் தெருவில் அதற்குப் பதில் சொல்லாமல் நகர முடிவதில்லை.

நடுவில் தொகுப்பாளர் வாசலுக்கு ஓடிவந்தார். மைக் வயர் எட்டவில்லை. நிலைப்படியில் நின்றபடி, "அண்ணாச்சி, உள்ள வாங்க! லைவ் போய்க்கிட்டிருக்கு!" என்றார். செல்வம்தான் திரும்பிச் சொன்னான்: "லைவ் இங்கன போகுது சார். நீங்கதான் வெளிய வரணும்." அன்றைக்கு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மண்டபம் தன் வாழ்நாளில் கேட்டிருக்காது. அதில் உன் மாமன் சிரிப்புதான் உரத்துக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கறியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றுமுன்னே ஆரம்பித்துவிட்டான். "மச்சான், நேத்து ரூம்ல ரெண்டு பயலுக்குக் கட்சிப் பேச்சு. குரல் ஏறுது. நான் வாசல்ல நின்னு வாயைத் தொறக்கல. தட்டை மெல்லக் கீழ வச்சான் ஒருத்தன். 'வாலே மரத்தடிக்கு, உன்னை அங்கன வச்சுப் பேசிக்கிடுதேன்'னான். ரெண்டு பேரும் போயி, பேசி, சண்டை போட்டு, தண்ணி குடிச்சு, தகட்டைத் தொட்டுட்டு வந்து வேலையைப் பார்த்தாங்க. எனக்கு அங்கன ஒரு வேலையும் இல்ல மச்சான்! சும்மா நின்னேன்!" சொல்லும்போது கண் கலங்கியிருந்தது; கறி வாங்கும்போது வெங்காயமும் உரித்தானோ என்னமோ. வேலையை விடுகிற பேச்சு அதோடு போய்விட்டது. "அதுல ஜெயிச்ச பய எங்க கட்சி" என்றான் அடுத்த மூச்சில். "அதையும் பார்ப்பமா?" என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். சாப்பாடு ஆறி, உன் அம்மா ரெண்டு பேர் தட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நறுக்குகிற கத்தி இப்போது உன் கையில் இருக்கிறது. நறுக்காதே என்று நான் எப்படிச் சொல்வேன்? அது உன் சோறு. நானும் அச்சடித்த தாளை ஓரம் வெட்டித்தான் பிழைக்கிறேன். ஜனம் சிரிக்கட்டும், கைதட்டட்டும். கட்சிப் பேச்சில் சிரிப்பு இல்லாவிட்டால் நானே பார்க்க மாட்டேன். ஆனால் ஒருவன் எழுந்து போவதைக் காட்டினால், அவன் திரும்பி வந்ததையும் காட்டு. 'இதில் நான் உன் பக்கம்' என்று எவனாவது எதிராளியைப் பார்த்துச் சொல்லும்போது உன் ஆபீசர் கொட்டாவி விடுவார். அந்த இடத்தில் மட்டும் உன் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடி. அதைப் பார்த்துவிட்டு எந்த ஊரில் எவன் கையில் என்ன தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறானோ, உனக்குத் தெரியாது.

மற்றபடி, நீ கூப்பிட்டதற்கு எங்கள் சம்மதம். மாமனிடம் கேட்டேன். "மெட்ராசுக்கா? போவோம் மச்சான், அங்கன எங்க கட்சிக்கு ஆள் சாஸ்தி" என்று இப்போதே சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான். உன் ஆபீசரிடம் சொல்: லைவ் என்றால் வருகிறோம். அவர் ஆசைப்படுகிறபடியே மாமன் ஒரு தடவை எழுந்து போவான், கவலைப்பட வேண்டாம். நானும் கூடப் போவேன். நீ மட்டும் வாசல் அகலமாக இருக்கிற கட்டடமாகப் பார்த்து ஏற்பாடு செய். உன் ஆபீசரும் இறங்கி வர வேண்டியிருக்கும்.